ஏற்கனவே ஒரு பிள்ளையை இழந்த வாத்தியார்கள்: டிஸ்டோபியன் கதைகளும் வாங்கிச் சுமக்கிற ஞாபகமும்

டீனேஜ் வாசகர்களுக்குன்னு எழுதுற டிஸ்டோபியன் நாவல்னாலே ஒரு கொடூரமான அரசாங்கம், அதை எதிர்த்து நிக்கிற ஒரு பொண்ணு இல்லன்னா பையன், நடுவுல கொஞ்சம் காதல், கடைசியில ஒரு புரட்சி, இதுதான் பலருக்கும் மனசுல வரும். ஆனா இந்த வகையில காலம் கடந்து நிக்கிற கதைகளை எடுத்துப் பாருங்க, புரட்சிக்கு ரொம்ப முன்னாடியே பூட்டின ஒரு ரூமுக்குள்ளயோ ஓடுற ரயில்லயோ காட்டுல நெருப்பைச் சுத்தியோ ஒரு பெரியவர் ஒரு சின்னப் பிள்ளைகிட்ட பழசைக் கொடுத்துட்டு இருப்பார், கதையோட உயிர் அங்கதான் இருக்கும். அந்தப் பெரியவர்களைக் கவனிச்சா ஒரு ஒற்றுமை தெரியுது, கிட்டத்தட்ட எல்லாருமே ஏற்கனவே ஒருத்தரைப் பறிகொடுத்தவங்க. அந்த இழப்புதான் அடுத்து வர்ற பிள்ளைக்கு அவங்க என்ன சொல்றாங்க, எதை மறைக்கிறாங்க, எவ்வளவு நாள் தள்ளிப் போடறாங்கன்னு எல்லாத்தையும் தீர்மானிக்குது. இந்த விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவா பேசணும்னு நினைக்கிறேன், கதை முடிவுகள் எல்லாம் வரும், படிக்காதவங்க பாத்துக்கோங்க.

இதுக்கெல்லாம் ஆரம்பப் புள்ளின்னு சொல்லக்கூடிய புத்தகம் லோயிஸ் லோரி எழுதி 1993ல வந்த 'தி கிவர்', அடுத்த வருஷமே அமெரிக்காவுல சிறுவர் புத்தகத்துக்குக் கொடுக்கிற நியூபெரி பதக்கம் வாங்குச்சு. அந்தக் கதையில வர்ற சமுதாயம் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கி வச்சிருக்கு, மலை கிடையாது, பனி கிடையாது, நிறம் கிடையாது, இசை கிடையாது, ஆசை எட்டிப் பாத்தா அதுக்கு ஒரு மாத்திரை. பழங்கால ஞாபகம் யாருக்குமே கிடையாது. ஆனா ஞாபகம் மொத்தமா இல்லாம ஒரு ஊரை நடத்த முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும், அதனால மனுஷ குலத்தோட மொத்த நினைவையும் ஒரே ஒரு ஆள் தலையில ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு தடவை பிறப்பு எண்ணிக்கையைக் கூட்டலாமான்னு பெரியவங்க சபை வந்து கேக்குது, அவருக்குள்ள பசியோட ஞாபகம் இருக்கு, பசி வந்தா அடுத்து சண்டை வரும்ன்ற ஞாபகமும் இருக்கு, வேண்டாம்னு சொல்லிடறார், அவங்களும் கேட்டுட்டுப் போயிடறாங்க. பசின்னா என்னன்னு அவங்க யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே வரல. அந்த ஊர்ல அறிவு வேணும்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க, அதுக்கான வலியை மட்டும் ஒருத்தர் வாங்கிக்கிட்டா போதும்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க.

12 வயசுல ஜோனஸ்ன்ற பையனை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கறாங்க. அவன் கையில ஒரே ஒரு தாள் கொடுக்கறாங்க, அதுல 8 விதிகள். யார்கிட்ட வேணும்னாலும் என்ன கேள்வி வேணும்னாலும் கேக்கலாம், பயிற்சியால வர்ற வலிக்கு மருந்து கேக்கக் கூடாது, பொய் சொல்லலாம்னு எல்லாம் இருக்கு. படிக்கிறவங்க பெரும்பாலும் அந்தப் பொய் சொல்லலாம்ன்ற விதியைப் பத்திதான் பேசுவாங்க, அது உண்மையிலேயே முதுகு சில்லிட வைக்கிற விதிதான், ஆனா எனக்கு அதை விடக் கொடுமையா தெரியறது இன்னொரு விதி, பயிற்சியைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது, அப்பா அம்மாகிட்ட கூட. வலி வருமுன்னு எச்சரிக்கிறது ஒரு விஷயம், வலி வந்தா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்றது வேற விஷயம். 12 வயசுப் பையனை உடைக்கப் போறது அந்த ரெண்டாவதுதான்.

இதுவரைக்கும் அந்த நினைவை எல்லாம் சுமந்துட்டு இருந்த வயசானவர்தான் கதையோட தலைப்புல வர்ற கிவர், அவர் பையனோட வெறும் முதுகுல கை வைப்பார், ஞாபகம் அப்படியே இவனுக்குள்ள போயிடும், அவர்கிட்ட இருந்து காணாம போயிடும். மொதல்ல கொடுக்கிறது பனி, ஒரு சறுக்கு வண்டி, மலையில இருந்து வழுக்கிட்டு இறங்குற சந்தோஷம். அதைக் கொடுத்து முடிச்சதும் தனக்குக் கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குன்னு அவரே சொல்றார். இதைச் சாதாரணமா படிச்சிட்டுப் போயிடுவோம், ஆனா யோசிச்சுப் பாருங்க, சொல்லிக் கொடுக்கக் கொடுக்க வாத்தியாருக்கு லேசாகுது, பிள்ளைக்கு கனமாகுது, அப்படின்னா ஒவ்வொரு பாடத்துலயும் இது பையனோட நன்மைக்கா இல்ல என் நிம்மதிக்கான்னு ஒரு கேள்வி அந்த மனுஷனை விடாமத் துரத்திட்டேதான் இருக்கும். லோரி இதை மறைக்கவே இல்ல. ஒரு நாள் பையன் உள்ள வர்றான், பெரியவர் வலியில சுருண்டு உக்காந்திருக்கார். மத்த நாள்னா அவனைத் திருப்பி அனுப்பிடுவார், அன்னிக்கு முடியல, கொஞ்சம் வாங்கிக்கோன்னு கெஞ்சறார். பையன் வாங்கிக்கிறான். வர்றது ஒரு போர்க்களம், புகை, செத்துட்டு இருக்கிற குதிரைகள், தன் வயசு மாதிரியே இருக்கிற ஒரு சிப்பாய்ப் பையன் தண்ணி கேக்கிறான், இவன் எப்படியோ கையை நீட்டித் தண்ணி கொடுக்கிறான், கொடுத்துட்டு இருக்கும்போதே அவன் செத்துப் போறான். முழிச்சுப் பாத்தா பெரியவர் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கார், மன்னிப்புக் கேக்கிறார்.

அந்த ஒரு மன்னிப்பை வச்சே இந்த உறவு எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சுக்கலாம். வழக்கமான சாகசக் கதையில வர்ற குரு வாள் சுத்தக் கத்துக் கொடுப்பார், மந்திரம் சொல்லிக் கொடுப்பார், கடைசியில செத்துப் போய் ஹீரோவுக்கு வழி விடுவார், அவர் எதுக்காகவும் மன்னிப்புக் கேக்க வேண்டியது இல்ல, ஏன்னா அவர் கொடுக்கிறது திறமை, திறமை யாருக்கும் பாரம் கிடையாது. இங்க கொடுக்கிறது காயம்.

இப்ப ரோஸ்மேரிக்கு வரலாம். ஜோனஸுக்கு 10 வருஷம் முன்னாடி அதே வேலைக்கு வந்த பொண்ணு, அந்தப் பெரியவரோட சொந்த மகள். அவளுக்கு உடம்பு வலியைக் கொடுக்க அவருக்கு மனசு வரல. அதுக்குப் பதிலா மனசு வலிகளைக் கொடுத்தார், மொதல்ல அப்பா அம்மாகிட்ட இருந்து பிடுங்கப்பட்ட ஒரு குழந்தையோட தனிமை, அப்புறம் வறுமை, பசி, பயம். 5 வாரம்தான். அவளே போய் தன்னை 'ரிலீஸ்' பண்ணச் சொல்லிக் கேட்டுக்கிட்டா, அந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்ன்றது ஜோனஸுக்கு பிறகுதான் தெரிய வருது, உயிரை எடுக்கிற ஊசி தான். அதுவும் அவ அந்த ஊசியைத் தானே போட்டுக்கிறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. அவ போனதும் 5 வாரத்து ஞாபகங்கள் மொத்தமும் ஊர்ஜனங்க மேல இறங்குது, அவங்களால தாங்க முடியல. இதுக்கு அந்த நிர்வாகம் கண்டுபிடிச்ச தீர்வு என்ன தெரியுமா, அடுத்த ஆளோட விதித் தாள்ல ரிலீஸுக்கு விண்ணப்பிக்கக் கூடாதுன்னு ஒரு வரி. ஒரு பொண்ணு ஏன் செத்தான்னு யாரும் கேக்கல, இனிமே சாக அனுமதி இல்லன்னு எழுதி வச்சுட்டாங்க.

பெரும்பாலான விமர்சனங்கள்ல ரோஸ்மேரி ஒரு பின்கதையா ரெண்டு வரியில முடிஞ்சு போயிடறா. என்னைப் பொறுத்த வரைக்கும் நாவலோட அச்சு அவதான். மகளுக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கொடுத்தவர், ஜோனஸுக்கு உடைஞ்ச கால், போர்க்களம் வரைக்கும் கொடுக்கிறார், ஆனா மகள் போயிட்டா, ஜோனஸ் நிக்கிறான். அப்ப அளவு குறைவா கூடவான்றது இங்க கேள்வியே இல்ல. ரோஸ்மேரி தினமும் அந்த ரூம்ல இருந்து வெளிய போய் எதுவுமே தெரியாத மனுஷங்க நடுவுல வாயை மூடிட்டு வாழ வேண்டியிருந்துச்சு, ஜோனஸும் அதே நிலைமையிலதான் ஆரம்பிக்கிறான். போர் ஞாபகத்துக்கு அப்புறம் பழைய நண்பர்கள் விளையாட்டுக்கு துப்பாக்கி மாதிரி கையை வச்சு சுட்டு விளையாடறாங்க, இவனுக்கு அழுகை வந்துடுது, விளையாட்டை நிறுத்துங்கன்னு கெஞ்சறான், நண்பனுக்கோ ஒண்ணும் புரியல, விளையாட்டு உன் துறை இல்லன்னு சொல்லிட்டுப் போறான். தங்கச்சி தோள் மேல கை வச்சு யானைன்னா என்னன்னு உணர வைக்கப் பாக்கிறான், அவ வலிக்குதுன்னு நெளியறா. பிள்ளையைத் தின்னுட்டு இருக்கிறது ஞாபகத்தோட கனம் மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது போய்ச் சேராததும்தான்.

ஜோனஸைக் காப்பாத்தினது எதுன்னு பாத்தா, ரெண்டு பேரும் சேந்து அந்த ஏற்பாட்டையே உடைக்கத் திட்டம் போடறாங்க, அதுதான். ரோஸ்மேரி போனப்ப ஞாபகங்கள் ஊருக்குத் திரும்பினது ஒரு விபத்து, அதையே இப்ப வேணும்னே பண்ணப் போறாங்க. ஜோனஸ் ஊரை விட்டு ஓடணும், ஒரு வருஷ ஞாபகமும் எல்லார் மேலயும் இறங்கணும், அப்ப அவங்களைத் தாங்கிப் பிடிச்சு வழிகாட்ட பெரியவர் அங்கயே இருக்கணும். மகள் சாவுல இருந்து அவர் கத்துக்கிட்ட பாடம் இதுதான். முன்னாடி ஒரு பிள்ளைக்கு வாத்தியாரா இருந்தார், இனிமே ஒரு ஊருக்கே வாத்தியாரா இருக்கணும்னு முடிவு பண்றார். கிளம்பும் முன்னாடி தன்கிட்ட இருக்கிற இசை ஞாபகத்தை எடுத்துட்டுப் போன்னு கொடுக்க வர்றார், அது அவர் சின்ன வயசுல இருந்து தனியா பொத்திப் பொத்தி வச்சிருந்தது. ஜோனஸ் வேண்டாம்னுடறான், நான் போனப்புறம் உங்களுக்கு வேணும், நீங்க வச்சுக்கோங்கன்னு சொல்றான். வாங்கிக்க மட்டுமே பழக்கப்பட்ட பையன் முதல் தடவையா வேண்டாம்னு சொல்றது அவருக்காகத்தான். இந்த நாவல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, 2014ல வந்த படத்தை விட புத்தகத்துலதான் இந்த உறவுக்கு மூச்சு விட இடம் இருக்கு.

இந்தக் கதை எங்க இருந்து வந்துச்சுன்னு லோரி 1994 நியூபெரி உரையில பேசியிருக்காங்க. வயசான அம்மாவுக்கு கண் பார்வை போயிடுச்சு ஆனா ஞாபகம் கத்தி மாதிரி, செத்துப் போன மகள் ஹெலனைப் பத்தி உட்பட எல்லாத்தையும் சொல்லணும்னு நினைக்கிறாங்க. அப்பாவுக்கு உடம்பு பரவாயில்ல, ஆனா ஞாபகம் நழுவிட்டே இருக்கு, போட்டோவைக் காட்டி இவளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கிறார், தன் மகள் செத்ததே அவருக்கு நினைவுல இல்ல. வலியை மறக்கிறது சுகமாதான் இருக்கு, ஆனா அது பாதுகாப்பான்ற கேள்வி அங்கதான் முளைச்சதுன்னு சொல்றாங்க. பிள்ளையை இழந்த ஒரு பெத்தவர், அந்த இழப்பை ஞாபகம் வச்சிருக்கிறதா வேண்டாமான்ற தவிப்பு, இது ரோஸ்மேரிக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

இதை எல்லாம் வெறும் கற்பனைன்னு தள்ளவும் முடியாது, ஏன்னா ஞாபகம் தலைமுறை தாண்டிப் போறதைப் பத்தி பெரிய ஆய்வுத் துறையே இருக்கு. மாரிஸ் ஹால்பவாக்ஸ்ன்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925லயே ஒரு வாதம் வச்சார், தனி மனுஷனோட ஞாபகம்னு நாம நினைக்கிறது கூட ஒரு கூட்டத்தோட சட்டகத்துக்குள்ளதான் நிக்குதுன்னு. அவரே 1945ல புகன்வால்ட் நாஜி முகாம்ல செத்துப் போனார். யான் அஸ்மான்ன்ற ஜெர்மன் அறிஞர், நேர்ல பாத்தவங்க வாய் வழியா வர்ற ஞாபகத்தோட ஆயுள் 80ல இருந்து 100 வருஷம்தான், மூணு நாலு தலைமுறை, அதுக்கு மேல நிக்கணும்னா சடங்கு, எழுத்து, பாட்டுன்னு வேற ஏதாவது வடிவத்துக்கு மாறியே ஆகணும்னு சொல்றார். மரியான் ஹிர்ஷ்ன்ற ஆய்வாளர், யூதப் படுகொலையில தப்பிச்சவங்களோட பிள்ளைகளை வச்சு எழுதினாங்க, தாங்க பாக்காத ஒரு சம்பவத்தை சொந்த ஞாபகம் மாதிரியே சுமக்கிற பிள்ளைகள், அப்பா அம்மாவோட பேச்சு, போட்டோ, சில நேரம் அவங்களோட மௌனம், இது வழியாதான் அது இறங்குது. 'தி கிவர்'ல முதுகுல கை வைக்கிறது ஒரு மாயாஜாலம்தான், ஆனா பின்னாடி இருக்கிற அனுபவம் நிறைய வீடுகள்ல நிஜமா நடக்கிறது.

அந்த 80, 100 வருஷக் கணக்கை வச்சு 'தி ஹங்கர் கேம்ஸ்' பாருங்க. சூசன் காலின்ஸ் எழுதின இந்தத் தொடரோட முதல் புத்தகம் 2008ல வந்துச்சு. ஒரு போர்ல தோத்ததுக்குத் தண்டனையா 12 மாவட்டங்களும் வருஷா வருஷம் மாவட்டத்துக்கு 2 பிள்ளைகளை, ஒருத்தர் மிஞ்சுற வரைக்கும் கொன்னுக்கிற ஒரு போட்டிக்கு அனுப்பணும், ஜெயிச்சு வந்தவங்கதான் அடுத்து போற பிள்ளைகளுக்கு மெண்டர், அதாவது வழிகாட்டி. கதாநாயகி காட்னிஸ் உள்ள போறது 74வது போட்டி. அதாவது போரை நேர்ல பாத்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் போய்ச் சேந்த நேரம், மிச்சம் இருக்கிறது அரசாங்கம் வருஷா வருஷம் மேடையில ஒப்பிக்கிற கதை மட்டும்தான். உண்மையில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களா இருக்கிறது ஜெயிச்சு உயிரோட வந்தவங்க, காட்னிஸோட 12வது மாவட்டத்துல அப்படி உயிரோட இருக்கிறது ஒரே ஆள், ஹேமிட்ச். 50வது போட்டியில வழக்கமான 24க்குப் பதிலா 48 பேரை இறக்கினாங்க, அதுல ஜெயிச்சவர். ஜெயிச்சதுக்குத் தண்டனை மாதிரி, அதுக்கு அப்புறம் 23 வருஷம், வருஷத்துக்கு 2 பிள்ளைகள், 46 பேரை சாக அனுப்பி வச்சிருக்கார். ரயில்ல குடிச்சிட்டு வழுக்கி விழுற மனுஷனாதான் நமக்கு அறிமுகம் ஆகிறார், அறிவுரை கேட்டா உயிரோட இருங்கன்னு மட்டும் சொல்லிட்டு சிரிக்கிறார். முதல் தடவை படிக்கும்போது எரிச்சல்தான் வரும். ஆனா 46 பேர் கூட பழகிப் பேர் தெரிஞ்சு வழியனுப்பின ஒருத்தர் 47வது, 48வது பிள்ளைகளை நிமிந்து பாக்கவே பயப்படறார், அந்தக் குடி அதுக்கான திரை.

ஆனா அவர் சொல்லிக் கொடுக்கிற விதம் அபாரம். காட்னிஸ் தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கிடக்கிறா, ஸ்பான்சர் பணம் வச்சு தண்ணி அனுப்பலாம், அவர் அனுப்பல. கொஞ்ச நேரம் கோபப்பட்டுட்டு அவளே புரிஞ்சுக்கிறா, தண்ணி பக்கத்துலதான் இருக்கு, அதான் அனுப்பாம இருக்கார்னு. ஒரு வார்த்தை பேசிக்காம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மொழி உருவாகுது. கிவர் எல்லாத்தையும் கொட்டிக் கொடுக்கிறவர்னா, ஹேமிட்ச் கையை மூடி வச்சே சொல்லிக் கொடுக்கிறவர், தன் சொந்தப் போட்டியைப் பத்தி காட்னிஸ்கிட்ட அவரா பேசறதே இல்ல, ரெண்டாவது புத்தகத்துல அவளும், அவ கூடவே போட்டிக்குப் போன பீட்டாவும் பழைய வீடியோ போட்டுப் பாத்துதான் தெரிஞ்சுக்கிறாங்க. 2025ல வந்த 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' படிச்சா அந்த வீடியோவே வெட்டி ஒட்டினதுன்னு தெரிய வருது, அவரோட நினைவு ஒண்ணு, நாடு பாத்தது வேற ஒண்ணு. அதே புத்தகத்துல பீட்டின்னு ஒருத்தர், பழைய வெற்றியாளர், அவர் மகன் 12 வயசுப் பையன், அப்பாவைத் தண்டிக்கிறதுக்காகவே போட்டிக்கு எடுக்கறாங்க, அப்பாவையே மெண்டரா நிக்க வைக்கறாங்க. கிவர், ரோஸ்மேரி மாதிரியே ஒரு ஜோடி, ஆனா இங்க கொடுமை பண்றவங்களுக்குத் தாங்க என்ன பண்றோம்னு நல்லா தெரியும்.

இந்தத் தொடர் 2010ல 'மாக்கிங்ஜே'ல முடியும்போது காட்னிஸும் பீட்டாவும் ஒரு புத்தகம் எழுத ஆரம்பிக்கறாங்க, செத்தவங்க ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு பக்கம். கடைசியா ஹேமிட்சும் வந்து சேந்துக்கிறார், அந்த 23 வருஷத்துப் பிள்ளைகளையும் சொல்லி எழுத வைக்கிறார். அவர் தலைக்குள்ள மட்டும் இருந்தது மூணு பேர் கையெழுத்துக்கு வருது. அதுக்கப்புறம் அவர் குடியை நிறுத்திட்டார்னு எல்லாம் காலின்ஸ் எழுதல, அது நல்ல முடிவு.

பிள்ளைக்கு எந்த வயசுல சொல்லலாம்ன்ற கேள்வியை நேரடியா எடுத்துக்கிறது கனடாவோட மேட்டின்ற பூர்வகுடி இனத்து எழுத்தாளர் ஷெரி டிமலைன் எழுதின 'தி மாரோ தீவ்ஸ்', 2017. அந்த எதிர்காலத்துல மத்தவங்களுக்குக் கனவு காணுற சக்தி போயிடுது, பூர்வகுடிகளுக்கு மட்டும் இருக்கு, அது எலும்பு மஜ்ஜையில இருக்குன்னு அவங்களை வேட்டையாடி பழைய உறைவிடப் பள்ளி மாதிரி இடங்கள்ல அடைக்கறாங்க. இது காத்துல இருந்து வந்த கற்பனை கிடையாது, கனடாவுல 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை நிஜமாவே அப்படி வீட்ல இருந்து பிடுங்கி மொழி பேசினா அடிக்கிற பள்ளிகள்ல வச்சிருந்தாங்க, 1990கள் வரைக்கும். நாவல்ல காட்டுக்குள்ள ஓடிட்டே இருக்கிற ஒரு சின்னக் கூட்டத்தை மிக்ன்னு ஒரு நடுவயசுக்காரர் நடத்திட்டுப் போறார், அவர் தன் கணவரைப் பறிகொடுத்தவர். ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்கார வச்சு தங்கள் ஜனங்களோட வரலாற்றை, உடன்படிக்கைகள்ல இருந்து பள்ளிகள் வரைக்கும், பகுதி பகுதியா சொல்றார். கூட்டத்துலயே சின்னவ ரிரி, அவளை மட்டும் உக்கார விட மாட்டாங்க, கொஞ்ச நாளாவது குழந்தையா இருக்கட்டும்னு. அவளுக்கோ தன்னை எதுக்குத் துரத்தறாங்கன்னே முழுசா தெரியாம ஓட வேண்டியிருக்கு. அந்தப் பொண்ணு கொஞ்ச நாள்லயே செத்துப் போறா, மறைச்சு வச்சது அவளைக் காப்பாத்தல.

அதே கூட்டத்துல இன்னொரு வழக்கம் உண்டு, ஒவ்வொருத்தரும் இந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்து சேந்தாங்கன்ற சொந்தக் கதை அவங்கவங்களுக்குச் சொந்தம், எப்பச் சொல்லணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும், யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க. பொதுவான வரலாறு எல்லாரும் சேந்து கேக்க வேண்டியது, தனி மனுஷன் காயம் அவன் தயாரானப்ப திறக்க வேண்டியது. ஜோனஸோட ஊர்ல இது ரெண்டும் தலைகீழா இருந்துச்சு, பொது வரலாறு ஒரே ஆளுக்குள்ள பூட்டிக் கிடக்கு, தனி மனுஷங்களோட கனவையோ தினமும் காலையில குடும்பத்துக்கு முன்னாடி ஒப்பிக்கணும். பெரியவங்க மௌனத்தைப் பத்தி யோசிக்கும்போது எனக்கு மிக் மாதிரி ஒருத்தர்தான் சரியான அளவுகோலா தெரியறார். கிவர்கிட்ட இல்லாத ஒண்ணு அவர்கிட்ட இருக்கு, சொல்லும்போது கேக்கிற பிள்ளைகள் ஒருத்தர் தோளுல ஒருத்தர் சாஞ்சு உக்காந்திருக்காங்க.

ஞாபகத்தைப் பொதுவாக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு லோரி கூட நம்பினதில்ல. 'தி கிவர்' வரிசையில 2004ல வந்த மூணாவது புத்தகம் 'மெசெஞ்சர்', அதுல வர்ற கிராமமே அங்கங்க இருந்து தப்பிச்சு வந்த அகதிகளால ஆனது, அவங்க வந்த கதையை மறக்கக் கூடாதுன்னு ஒரு மியூசியமே வச்சிருக்காங்க. அப்படிப்பட்ட ஊர்லயே இனிமே வெளியாளை உள்ள விட வேண்டாம், எல்லையை மூடுங்கன்னு குரல் கிளம்புது. அந்தக் கூச்சலுக்கு முன்னாடி நிக்கிறவர் யாருன்னா அந்த ஊரோட பள்ளி வாத்தியார், அவருக்குப் பேரே மெண்டர். எல்லாருக்கும் அன்பா பாடம் சொல்லிக் கொடுத்தவர், ஒரு ஆசைக்காக தன் நல்ல குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டே வர்றார். மியூசியம் அங்கயேதான் இருக்கு, பொருள்கள் எதுவும் காணாமப் போகல, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய மனுஷன்தான் மாறிட்டார்.

இந்த வரிசையை முதல் புத்தகத்தோட நிறுத்திடறவங்கதான் அதிகம், ஜோனஸ் ஊரை விட்டு ஓடும்போது கூடத் தூக்கிட்டுப் போன கைக்குழந்தையோட தப்பிச்சானா இல்லையான்ற சந்தேகத்தோடயே விட்டுடறாங்க. முடிஞ்சா 'மெசெஞ்சர்' வரைக்குமாவது போங்க. ஜோனஸ் அங்க வளந்து ஊருக்கே தலைவனா இருக்கான், எல்லையை மூடணும்னு கத்துற அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பதில் சொல்ல வேண்டியது இப்ப அவன் முறை.